ஆப்டிமஸ் 111 பம்ப்: தோல் வாஷரை விட்டுவிட்டு ஓ-ரிங் போடலாமா?

மலைநடை:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஆப்டிமஸ் 111. ஸ்வீடனில் செய்தது, நீல நிறத் தகரப் பெட்டிக்குள் மடங்கி உட்காரும் மண்ணெண்ணெய் அடுப்பு. பர்னர் நன்றாக இருக்கிறது, டேங்கில் கசிவு இல்லை. பம்ப்தான் தொல்லை. அழுத்தும்போது கையில் ஒரு கனம் தெரிய வேண்டும் அல்லவா, அது இல்லை. எவ்வளவு அடித்தாலும் அழுத்தம் ஏற நேரமாகிறது. அடுப்பு எரியும்போதே சில நேரம் கைப்பிடி தானாக மெல்ல மேலே ஏறி வருகிறது. கழற்றிப் பார்த்தால் பம்ப் தண்டின் முனையிலுள்ள கிண்ண வடிவத் தோல் வாஷர் காய்ந்து, ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு கிடக்கிறது.

மாற்றாக நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் கிண்ண வாஷர், வைட்டான் என்ற இன்னொரு செயற்கை ரப்பரில் கிண்ண வாஷர், ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பொருத்திய பிஸ்டன் எல்லாம் கிடைக்கின்றன. தோலை ஒரேயடியாக விட்டுவிடலாமா? டிசம்பரில் கொடைக்கானல் பக்கம் இரவு தங்குகிறோம். பிறகு லடாக் போகும் எண்ணமும் உண்டு.

பித்தளைப் பிரியர்:

தம்பி, நீங்கள் சொன்னதில் இரண்டு கோளாறு இருக்கிறது. தனித்தனியாகப் பாருங்கள்.

கனம் இல்லாமல் போவது கிண்ண வாஷரால். கைப்பிடி தானாக ஏறுவதற்குக் காரணம் வேறு. பம்ப் குழாயின் அடியில் ஒரு ஒருவழி வால்வு திருகியிருக்கும். அதற்குள் ஒரு குட்டி ஸ்பிரிங்கும், பொட்டு அளவில் ஒரு வில்லையும் இருக்கும். மிகப் பழைய ப்ரைமஸ் பம்ப் அடுப்புகளில் அந்த வில்லை கார்க், பிறகு வந்தவற்றில் ரப்பர். டேங்குக்குள் போன காற்றைத் திரும்ப விடாமல் பிடிப்பது அதுதான். அது கெட்டால் டேங்கின் அழுத்தம் பம்ப் குழாய்க்குள் வந்து தண்டை மேலே தள்ளும். வால்வு பெரும்பாலும் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் காற்றின் பின்னாலேயே மண்ணெண்ணெயும் வரும். தோலில் ஊறியிருக்கும் எண்ணெயை அது கழுவி எடுத்துவிடும். உங்கள் வாஷர் காய்ந்ததற்கே இது காரணமாக இருக்கலாம்.

இந்த நிலையில் கிண்ணத்தை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும்? நன்றாகப் பிடிக்கும் புது ரப்பருக்குக் கீழே கசியும் வால்வு. அடுப்பு சரியாகிவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். மண்ணெண்ணெய் அடுப்பில் இது எரிச்சல் தரும் விஷயம். பெட்ரோலில் எரியும் 111பி-யில் ஆபத்து. பம்ப் வாயிலிருந்து பெட்ரோல் பீய்ச்சினால் பக்கத்திலேயே நெருப்பு இருக்கிறது.

ஆகவே என் வரிசை: முதலில் வால்வு வில்லை, அடுத்து எண்ணெய் ஊற்றும் மூடியின் வாஷர், கடைசியில்தான் கிண்ணம். பழைய அடுப்பில் நவீன ரப்பர் நன்மை செய்யும் இடங்கள் முதல் இரண்டும்தான். 1892-இல் ப்ரைமஸை உருவாக்கிய லிண்ட்க்விஸ்ட் ஸ்டாக்ஹோமில் திரியில்லா அடுப்பைக் கொண்டுவந்த காலத்திலிருந்து தோல் கிண்ணம் தொடர்கிறது என்றால் அதற்குக் காரணம் உண்டு. வெகு பின்னால் வந்த ப்ரைமஸ் ஆம்னிஃபியூயல், ஆப்டிமஸ் நோவா பம்ப்களில்கூடத் தோல்தான் இருக்கிறது.

மலைநடை:

நன்றி அண்ணா. வால்வை எப்படிச் சோதிப்பது? கழற்றாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

சமையல்கட்டு:

நான் சொல்லலாமா? காஸ் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் பம்ப் ஸ்டவ்தான். எங்கள் தெருவுக்கு வரும் ஸ்டவ் ரிப்பேர்காரர் முதலில் செய்வது இதைத்தான். அடுப்பைப் பற்றவைக்காமல் காற்று அடிப்பார். பம்ப் தண்டை முழுதாக வெளியே உருவி, குழாய்க்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிச் சாய்த்துப் பிடிப்பார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் குமிழி வருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். குமிழி வந்தால் வால்வு. வராவிட்டால் வாஷர்.

தோல் வாஷருக்கு அம்மா இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவார். அதிலேயே பல வருஷம் ஓடியது. எதற்கு இத்தனை ரப்பர் ஆராய்ச்சி என்று எனக்குத் தோன்றுகிறது.

பித்தளைப் பிரியர்:

அக்கா சொன்ன சோதனை மிகச் சரி. பெட்ரோல் அடுப்பாக இருந்தால் டேங்கை முழுக்கக் காலி செய்து, மூடியைத் திறந்து காயவைத்த பிறகு செய்யுங்கள்.

வால்வைக் கழற்ற நீளமான தனிச் சாவி வேண்டும். ஸ்க்ரூடிரைவரின் நடுவில் அரத்தால் வெட்டியும் செய்துகொள்வார்கள். ஆனால் அது வழுக்கினால் பித்தளைத் தலையின் வெட்டு சிதைந்துவிடும், அதற்குப் பிறகு வால்வை எடுப்பது பெரும்பாடு. நல்ல சாவி வாங்கிவிடுங்கள். வால்வுத் தலைக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு ஈய வாஷர் உண்டு, கவனம். அது நசுங்கிப் பிடிப்பதால்தான் அந்த இடம் அடைபடுகிறது. முடிந்தால் புதிது போடுங்கள்.

வில்லையை எடுத்துப் பார்த்தால் நடுவில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். அவசரத்துக்கு அதையே திருப்பிப் போடலாம். நிரந்தர வேலை என்றால் வைட்டான் ஷீட்டில் புதிதாக வெட்டிப் போடுங்கள். பழைய வில்லையின் கனத்தையே புதியதற்கும் வையுங்கள். தடிமன் கூடினால் ஸ்பிரிங் அதிகம் அழுந்தி, பம்ப் அடிக்கும்போது வால்வு திறக்கத் தயங்கும்.

கோவை லேத்:

வால்வு பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் கிண்ணத்துக்குத் தோல்தான் வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. எங்கள் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. தெருவுக்குத் தெரு நின்ற இந்தியா மார்க் 2 அடிபம்ப்பில் முதலில் இருந்தது தோல் கிண்ண வாஷர்தான். அடிக்கடி தேய்ந்துபோகும் பாகமும் அதுதான். 1980-களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் உலக வங்கி, ஐ.நா.வின் யுஎன்டிபி அமைப்பு சேர்ந்த திட்டத்தில் அடிபம்ப்களை நேரடியாகக் களத்தில் சோதித்தபோது தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் போட்டுப் பார்த்தார்கள். அது தோலைவிட அதிக காலம் உழைத்தது. அந்த அனுபவம் அடுத்த மாதிரியான மார்க் 3-க்கும் போனது. மண்ணும் தண்ணீருமாக நாள் முழுக்க அடிபடும் பம்ப்பில் நின்ற ரப்பர், காற்று மட்டும் அடிக்கும் அடுப்பில் நிற்காதா?

ஓ-ரிங் பிஸ்டன் பற்றிக் கேட்டீர்கள். அதில் பலர் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. தோல் கிண்ணம் வெறும் அடைப்பு அல்ல, அதுவே ஒரு வால்வு. கீழே தள்ளும்போது காற்று அதன் உதட்டை விரித்துக் குழாயோடு ஒட்டவைக்கிறது. மேலே இழுக்கும்போது உதடு உள்ளே ஒதுங்கிப் புதுக் காற்றைக் கீழே விடுகிறது. ஓ-ரிங்கோ இரண்டு பக்கமும் அடைக்கும். பிஸ்டனைச் சுற்றிக் கடைந்த பள்ளமான காடியில் இறுக்கமாக உட்கார வைத்தால் மேலே இழுக்கும்போது கீழே வெற்றிடம் உண்டாகும், காற்று உள்ளே வராது. கைப்பிடியை விட்டால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அதனால் காடியை ஓ-ரிங்கின் தடிமனைவிட அகலமாகக் கடைய வேண்டும். ஓ-ரிங் மேலும் கீழும் கொஞ்சம் நகர இடம் வேண்டும். காடியின் ஆழத்திலும் சற்று இடைவெளி விட வேண்டும். காடியின் கீழ்ச் சுவரில், அதாவது டேங்கைப் பார்த்த பக்கத்தில், மூன்று நான்கு இடங்களில் அரத்தால் சின்ன வெட்டுப் போட வேண்டும். தள்ளும்போது உராய்வு ஓ-ரிங்கை மேல் சுவரோடு சேர்க்கும், அங்கே வெட்டு இல்லை, அடைந்துவிடும். இழுக்கும்போது அது கீழ்ச் சுவருக்கு வரும், மேலிருந்து வரும் காற்று ஓ-ரிங்கின் உள்பக்கமாகப் போய் வெட்டுகள் வழியாகக் கீழே இறங்கும். பல சைக்கிள் பம்ப்களில் இருப்பது இதே ஏற்பாடுதான்.

பிஸ்டனைப் பித்தளையிலோ டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ கடையலாம். எனக்குப் பிடித்தது டெல்ரின், குழாயைக் கீறாது. ஓ-ரிங் நைட்ரைல், அதன் கடினம் 70 ஷோர். தடிமன் 2.62 மி.மீ. எல்லா ஊரிலும் கிடைக்கும். சிலிக்கோன் கிரீஸ் மெல்லிதாகத் தடவினால் போதும்.

ஆம்பூர் தோல்:

லேத் அண்ணா, உங்கள் பிஸ்டன் வேலை அழகு. ஆனால் அது எந்தக் குழாய்க்குள் ஓடப் போகிறது என்று பாருங்கள். அடிபம்ப்பின் சிலிண்டர் அளவு பிசகாமல், வழவழப்பாகச் செய்யப்பட்டது. ஐம்பது அறுபது வருஷம் பழைய அடுப்பின் பம்ப் குழாய் மெல்லிய பித்தளைத் தகடு. எங்காவது லேசாக நெளிந்திருக்கும், முழு வட்டமாக இருக்காது, உள்ளே களிம்பு அரித்த குழிகள் இருக்கும். தோல் அந்த நெளிவுக்கு வளைந்து கொடுக்கும், பழகப் பழக இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஓ-ரிங் அப்படி அல்ல. அது தொடும் இடம் ஒரே கோடு. அந்தக் கோட்டில் ஒரு குழி வந்தால் காற்று போய்விடும், களிம்பின் முனை பட்டால் ரப்பரும் கீறிக்கொள்ளும்.

தோலின் மேல் வரும் புகாரில் பாதி, தவறான தோலால் வருவது. இப்போது கடையில் கிடைக்கும் மலிவான வாஷர்களில் நிறைய குரோம் பதனிட்டவை. குரோம் தோல் மென்மையானது, ஆனால் அச்சில் அழுத்திய வடிவத்தைப் பிடித்துக்கொள்ளாது. கிண்ணத்தின் உதடு விரைவில் தளர்ந்துவிடும். இதற்கு வேண்டியது தாவரப் பதனீடு செய்த தோல். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலுக்கு நம் ஊர்ப் பக்கம் பெரிய வரலாறே உண்டு, ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் என்று கப்பல் ஏறியதெல்லாம் தாவரப் பதனீட்டுத் தோல்தான். நனைத்து அழுத்தினால் அந்த வடிவத்திலேயே விறைத்து நிற்கும்.

நீங்களே செய்துகொள்ளலாம். ஒன்றரை மி.மீ. தடிமனில் ஒரு துண்டு எடுங்கள். ஒரு கட்டையில் குழாயின் உள் விட்டத்துக்குத் துளை போடுங்கள். அந்த விட்டத்தில் தோலின் தடிமனை இரண்டு பக்கமும் கழித்து ஒரு குச்சி கடைந்துகொள்ளுங்கள். தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, துளையின் மேல் வைத்து, குச்சியால் உள்ளே அழுத்தி அப்படியே விட்டுவிடுங்கள். கொதிக்கும் தண்ணீர் கூடாது, தோல் சுருங்கிக் கட்டையாகிவிடும். நிழலில் முழுதாகக் காய்ந்த பிறகு உதட்டை பிளேடால் ஒரே மட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, எண்ணெயில் ஓர் இரவு ஊறவிடுங்கள். பொருத்தும்போது கிண்ணத்தின் வாய் டேங்கைப் பார்த்து இருக்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் சமையல்கட்டு அக்காவுக்கு ஒரு வார்த்தை. சென்னை வெயிலில் தேங்காய் எண்ணெய் நன்றாகத்தான் வேலை செய்யும். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். கொடைக்கானலில் விடியற்காலை பம்ப் கட்டை போல நிற்கும். நீட்ஸ்ஃபுட் எண்ணெய் வாங்குங்கள். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது, குளிரிலும் உறையாமல் ஓடும், குதிரைச் சேணம் பராமரிப்பவர்கள் வைத்திருப்பார்கள். கிடைக்காவிட்டால் விளக்கெண்ணெய், கொஞ்சம் கெட்டி என்றாலும் காய்ந்து பிசினாகாது. ஆளி விதை எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது பிசினாகக் காயும்.

சமையல்கட்டு:

தேங்காய் எண்ணெய் உறையும் என்பது தெரியும், அடுப்புக்குள்ளும் உறையும் என்று யோசிக்கவில்லை. ஊட்டியில் எங்கள் உறவினர் வீட்டு ஸ்டவ் காலையில் ஏன் அப்படி முரண்டு பிடித்தது என்று இப்போது புரிகிறது.

வடக்குக் கரை:

நோர்வேயிலிருந்து எழுதுகிறேன். இங்கே பழைய ப்ரைமஸ், ஆப்டிமஸ் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். குளிரில் இழுத்துக்கொண்டு போய்ப் பாவிக்கிறோம், அதனால் லடாக் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பித்தளை அண்ணை வைட்டான் வில்லை போடச் சொன்னார். கோடையில் சரி. ஆனால் சாதாரண வைட்டான் மைனஸ் 20 டிகிரி வரைக்கும்தான், அதற்கு முன்னமே விறைக்கத் தொடங்கிவிடும். விறைத்த வில்லையை அந்தச் சின்ன ஸ்பிரிங் அழுத்தி அடைக்க முடியாது. நைட்ரைல் மைனஸ் 30 வரை தாக்குப்பிடிக்கும், குளிருக்கென்று செய்த ரகம் இன்னும் கீழே போகும். மண்ணெண்ணெய்க்கு நைட்ரைல் தாராளமாகப் போதும். வைட்டானின் பலம் வெப்பமும் பெட்ரோலும்தான். 111பி வைத்திருக்கிற ஆட்களுக்கு, அதுவும் இந்தியாவில் இப்போது பெட்ரோல் நிலையங்களில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறபடியால், வைட்டான் நல்ல தெரிவு. நைட்ரைல் அந்தக் கலவையில் வீங்கும்.

சிலிக்கோன் ரப்பரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. குளிரும் தாங்கும், சூடும் தாங்கும் என்று பார்த்துவிட்டு மூடிக்கு வாங்கிப் போடுகிறார்கள். பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் அது வீங்கிப்போகும். ஈபிடிஎம் ரப்பரும் அப்படித்தான். இரண்டையும் எரிபொருள் படுகிற இடத்துக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

தோலும் குளிரும் என்றால் இங்கே எல்லோருக்கும் பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட்டின் கதை ஞாபகம் வரும். நோர்வேக்காரர் அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14-இல் தென் துருவத்தை அடைந்தார், ஸ்காட் 1912 ஜனவரி 17-இல். திரும்பி வரும் வழியில் ஸ்காட் குழு வைத்துவிட்டுப் போயிருந்த மண்ணெண்ணெய் டின்களில் எண்ணெய் குறைந்து கிடந்தது. மூடிகளில் இருந்தவை தோல் வாஷர்கள். அமுண்ட்சென் தன் டின்களை ஈயப்பற்று வைத்து மூடியிருந்தார். எண்ணெய் குறைந்தால் பனியை உருக்கித் தண்ணீர் குடிக்கவும் வழியில்லை. இதை வைத்துத் தோல் குளிருக்கு ஆகாது என்று சொல்வார்கள். ஆனால் அது மாதக் கணக்கில் பனியில் தனியே கிடந்து காய்ந்த தட்டை வாஷர். பம்ப் கிண்ணம் எண்ணெயில் ஊறியது, ஒவ்வொரு நாளும் அசைவது. இரண்டும் ஒன்றல்ல. மூடிக்குத் தோல் வேண்டாம், பம்ப்புக்குத் தோல் நல்லது, இதுதான் நான் எடுத்துக்கொண்டது.

கோவை லேத்:

வடக்குக் கரை சொன்னதில் வில்லை பற்றிய பகுதியை நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன்.

ஆம்பூர் தம்பி சொன்ன குழாய்ப் பிரச்சினையும் நியாயம்தான். அதற்கு என் பதில், முதலில் குழாயைப் பாருங்கள். புளிக் கரைசலைத் துணியில் நனைத்து ஒரு குச்சியில் சுற்றி உள்ளே தேயுங்கள், களிம்பு கழன்று வரும். நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிக் காயவையுங்கள், புளி தங்கினால் மறுபடி பச்சை பிடிக்கும். பிறகு வெர்னியரால் வாயில் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். வட்டமாகவும் வழவழப்பாகவும் இருந்தால் ஓ-ரிங். இல்லாவிட்டால் தோல், அல்லது நைட்ரைல் கிண்ணம். நைட்ரைல் கிண்ணம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். உதடு வளையும், எண்ணெய் ஊறவைக்கும் வேலை இல்லை, மாதக் கணக்கில் பெட்டியில் கிடந்தாலும் காயாது. எப்போதாவது ஒரு முறை அடுப்பை எடுப்பவருக்கு அதுவே பெரிய லாபம்.

பித்தளைப் பிரியர்:

எந்த வழியில் போனாலும் பழைய தண்டை வெட்டாதீர்கள். அதன் முனையில் இருக்கும் மரைக்கே புது பிஸ்டன் பொருந்தும்படி கடையச் சொல்லுங்கள். பழைய வாஷர், அதன் மேல் கீழ்த் தகடுகள், நட்டு எல்லாவற்றையும் ஒரு பொட்டலத்தில் போட்டு அடுப்புப் பெட்டியிலேயே வையுங்கள். பின்னால் வருபவர் பழையபடி ஆக்க நினைத்தால் ஆக்க முடிய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பம்ப் நன்றாகப் பிடிக்கத் தொடங்கினால் டேங்கில் முன்பைவிட எளிதாக அதிக அழுத்தம் ஏறும். கசியும் பழைய வாஷரோடு முப்பது நாற்பது தடவை அடித்துப் பழகிய கை அதே எண்ணிக்கையில் அடிக்கக் கூடாது. சுடர் நீலமாக, ஒரே சீராக எரிகிறதா என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். டேங்கின் அடி உப்பியிருந்தால் அந்த அடுப்பைப் பற்றவைக்கவே வேண்டாம். பர்னருக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கும் ஈய வாஷரை ரப்பராக மாற்றும் யோசனை யாருக்காவது இருந்தால் அதை மறந்துவிடுங்கள். அங்கே வரும் சூட்டுக்கு ஈயம்தான் சரி.

பழைய விளக்கு:

குறுக்கே ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது கோல்மன் 502 அடுப்பு. இதே வால்வு வில்லை வேலைதானா?

பித்தளைப் பிரியர்:

இல்லை. கோல்மனில் குழாயின் அடியில் ரப்பர் வில்லைக்குப் பதில் ஒரு சின்ன உருண்டை உட்கார்ந்திருக்கும். பழைய எரிபொருளின் பிசின் ஒட்டி அது சிக்கிக்கொள்ளும். கழற்றாமலே கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டால் பெரும்பாலும் விடுபடும். தவிர அதில் பம்ப் அடித்து முடித்ததும் கைப்பிடியை வலப்பக்கம் திருகி மூட வேண்டும். கிண்ண வாஷர் பற்றி மேலே பேசியது மட்டும் உங்களுக்கும் பொருந்தும்.

மலைநடை:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி குழாய்க்குள் மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தேன், குமிழி தொடர்ந்து வருகிறது. குழாயின் நடுவில் ஒரு சின்ன நெளிவும் இருக்கிறது, ஆகவே ஓ-ரிங் வேண்டாம். வால்வுக்கும் மூடிக்கும் நைட்ரைல், கிண்ணத்துக்குத் தாவரப் பதனீட்டுத் தோல், நீட்ஸ்ஃபுட் எண்ணெய். மாற்று ஏற்பாடாக ஒரு நைட்ரைல் கிண்ணமும் பையில் இருக்கும்.

அதை ஒரு தடவை போட்டுப் பார்க்க முயன்றேன். குழாயின் வாயில் மூடிக்கான மரை இருக்கிறது, உள்ளே தள்ளும்போது ரப்பர் உதட்டில் அது பதிகிறது. கீறாமல் இறக்க என்ன செய்வது?

கோவை லேத்:

தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு வெட்டிச் சுருட்டி, மரை மறையும்படி குழாயின் வாய்க்குள் செருகுங்கள். உதட்டில் சிலிக்கோன் கிரீஸ் தடவி, தண்டை மெல்லத் திருகியபடியே பிளாஸ்டிக்குக்குள் இறக்குங்கள். கிண்ணம் மரையைத் தாண்டியதும் பிளாஸ்டிக்கை மேலே உருவிவிடலாம். தோல் கிண்ணத்துக்கும் இதே முறைதான், கிரீஸுக்குப் பதில் நீட்ஸ்ஃபுட் எண்ணெய்.